அம்மாவுக்கு ஒரே ஒரு வசனம்

உள்ள வாங்கக்கா, செருப்பு அங்கயே இருக்கட்டும். அந்தச் சேர் வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும். சோஃபால உக்காருங்க. கேமராவ இந்த டீப்பாய் மேல வச்சுக்கலாம், துணியெல்லாம் நான் எடுத்துடறேன். அம்மா உள்ளதான் இருக்காங்க, சமையல்கட்டுல. நீங்க பேட்டிக்கு வர்றீங்கன்னு காலைலயே சொல்லிட்டேன். குக்கர் வச்சிருக்காங்க, இறக்கிட்டு வந்துருவாங்க.

நான் பேசிக்கிட்டே டைப் பண்ணுவேன், தப்பா நினைச்சுக்காதீங்க. வீட்லருந்தே வேலை. ஒரு மிக்ஸி கம்பெனிக்கு கஸ்டமர் சாட். மிக்ஸி ஓடலன்னா திட்டறதுக்கு ஒரு ஆள் வேணும்ல, அது நான்தான். 'உங்கள் சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறோம்'னு எங்களுக்கு ஒரு பட்டனே இருக்கு. தட்டுனா போயிரும். பாருங்க, போயிருச்சு. ஆனா எனக்கு உயிரு நாடகம்தான்க்கா. 'திரை விலகுது'ன்னு பேஜ் நடத்தறேன், நீங்க பாத்திருப்பீங்களே. பாத்திருக்கீங்களா? ஃபாலோ வேற பண்றீங்களா? அய்யோ, சந்தோஷம்க்கா.

அம்மா வர்ற வரைக்கும் கதைய நானே சொல்லிடறேன். அவங்ககிட்ட கேட்டா ரெண்டு வரில முடிச்சிருவாங்க. இப்பல்லாம் ரெண்டு வரிகூட இல்ல. முன்னாடி அப்படி இல்லக்கா, காய்கறிக்காரர்கிட்ட கூட கால் மணி நேரம் பேசுவாங்க. நடிப்புக்கு விருது குடுக்கறாங்கன்னதும் ஒரு மாதிரி ஆயிட்டாங்க போல. சந்தோஷத்துல சில பேரு அப்படி ஆயிருவாங்கல்ல.

'நடுவாசல்' நாடகம், பேராவது கேள்விப்பட்டிருப்பீங்க. எண்பதுகள்ல ஊர் ஊரா ஓடுனது. கதை ரொம்ப சிம்பிள். வீட்ட விட்டு ஓடிப்போன மூத்த புள்ள பல வருஷம் கழிச்சு திரும்பி வந்து வாசப்படில நிக்கறான். உள்ள போலாமா, இப்படியே திரும்பிரலாமான்னு அவனுக்கே தெரியல. தம்பி சண்டைக்கு வர்றான், பொண்டாட்டி அழுவறா, மாமன் பஞ்சாயத்து பண்றாரு. ரெண்டு மணி நேரம் ஆளாளுக்குப் பேசறாங்க. அம்மாக்காரி மட்டும் பேச மாட்டா. அரிசி புடைப்பா, விளக்கேத்துவா, ஒரு வார்த்தை கிடையாது. கடைசில அவன் வாசப்படில முட்டி போட்டு, நீயாவது ஏதாவது சொல்லும்மான்னு கேப்பான். அப்பதான் வாயத் தொறப்பா.

"வாசல்ல நிக்காத. போறதுன்னா போ. வர்றதுன்னா வா. நடுவுல நிக்கிறவனுக்குச் சோறு போட எனக்கு வயசில்ல."

அவ்ளோதான். திரை விழுந்துரும். அவன் உள்ள போனானா வெளிய போனானான்னு யாருக்கும் தெரியாது. சனம் அதப் பத்திப் பேசிக்கிட்டே பஸ் ஏறுமாம்.

அந்த அம்மாக்காரி எங்கம்மாதான்க்கா, ஒரிஜினல்ல. அப்ப அம்மாவுக்கு இருபது வயசு. குழுவுல கிழவி வேஷத்துக்கு ஆள் கிடைக்கலன்னு தலையில பவுடரக் கொட்டி, கன்னத்துல கோடு போட்டு நிக்க வச்சுட்டாங்க. ஹீரோயினா நடிக்கற வயசுல கிழவி. அமிர்தவல்லின்னா ஒருத்தருக்கும் தெரியாது, 'நடுவாசல் அம்மா'ன்னாதான் தெரியும். பொண்ணு பாக்க வந்தப்ப எங்க அத்தை தனியா கூப்பிட்டு, உண்மைய சொல்லுங்க, பொண்ணுக்கு என்ன வயசுன்னு கேட்டாங்களாம்.

பொருட்காட்சி மேடைலதான் நெறைய போடுவாங்களாம். பக்கத்துல ராட்டினம் கிறீச்சு கிறீச்சுன்னு சுத்தும். மைக்ல காணாமப் போன கொழந்தைக்கு அங்க அடையாளம் சொல்லிட்டிருப்பாங்க. டெல்லி அப்பளக்காரன் வேற. இதுக்கு நடுவுல அந்த வசனம். அதனால அம்மா ஒரு வழக்கம் வச்சிருந்தாங்க. அவன் முட்டி போட்டுக் கேட்டதும் ஒடனே சொல்ல மாட்டாங்க. நிப்பாங்க. ராட்டினம் நின்னு ஆளுங்க இறங்கற நேரம் ஒண்ணு வரும்ல, அது வரைக்கும். முன்னாடி உக்காந்திருக்கற சனமும் அதுக்குள்ள அடங்கிரும். அதுக்கப்புறம்தான் வாயத் தொறப்பாங்க. கத்திகூட இல்லக்கா, பக்கத்துல இருக்கறவங்ககிட்ட பேசற மாதிரி. கடைசி வரிசை வரைக்கும் கேக்குமாம். அடங்கற வரைக்கும் நின்னா போதும், அப்புறம் மெதுவா சொன்னாலும் கேக்கும்னு அம்மா சொல்லுவாங்க. பெருமையா இல்ல, சாம்பார்ல பெருங்காயம் எப்ப போடணும்னு சொல்ற மாதிரி.

கல்யாணத்தோட நடிப்பு நின்னுருச்சு. அப்பா நல்லவருதான், நாடகம்னா மட்டும் புடிக்காது. அப்பா போயி ரெண்டு வருஷம் ஆகுது. ஒரு நிமிஷம்க்கா, இவரு மிக்ஸில கருங்கல்லா அரைச்சாருன்னு தெரியல, மூடி பறந்துருச்சாம். வருந்துகிறோம். ம், சொல்றேன்.

போன வருஷம் டைரக்டர் ஹரிநந்தன் சார் போன் பண்ணாரு. நடுவாசலத் திரும்பப் போடறோம், ஹீரோ தர்மேஷ்னு. ஆமா, 'புயல்' தர்மேஷேதான். படமெல்லாம் வரிசையா ஊத்திக்கிச்சுல்ல, நல்ல நடிகன்னு பேர் வாங்க மேடை ஏறலாம்னு முடிவு பண்ணிருக்காரு. பொண்டாட்டி வேஷத்துக்கு ஒரு சினிமா ஹீரோயின், மாமன் வேஷத்துக்கு டிவி காமெடியன், தம்பிக்கு ஒரு பாட்டுப் போட்டி ஜட்ஜு. பழைய குழுல இன்னும் இருக்கறது அம்மா மட்டும்தான். அதே வேஷம் பண்றீங்களான்னு கேட்டாரு. அம்மா, யோசிச்சு சொல்றேன்னு கூட சொல்லலக்கா. டை அடிக்கறத அன்னிக்கே நிறுத்திட்டாங்க.

அந்த ரெண்டு மாசம் நீங்க அம்மாவப் பாத்திருக்கணும். அந்த ஒரே வசனத்த எங்க பாத்தாலும் சொல்லிப் பாப்பாங்க. துணி காயப் போடறப்ப, கீரை ஆயறப்ப. முக்கியமா குக்கர் வச்சுட்டு. விசில் வரும்ல, அப்ப பேச மாட்டாங்க. அடுப்ப அணைச்சுட்டு, அந்த உஸ்ஸுன்னு வர்ற சத்தம் முழுசா அடங்கற வரைக்கும் கரண்டியக் கையில புடிச்சுக்கிட்டு நிப்பாங்க. அப்புறம், வாசல்ல நிக்காத. நான் இங்க உக்காந்து மிக்ஸிக்காரங்களுக்கு டைப் பண்ணிட்டிருப்பேன், எனக்கு முதுகுல சிலிர்க்கும். நான் அத வீடியோ எடுக்கப் போனா மட்டும் நிறுத்திருவாங்க. கூச்சம்.

அப்புறம்தான் தெரிஞ்சுது, மேடைல யாரும் பேசப் போறதில்லன்னு. தர்மேஷ் சாருக்கு வசனம் மனசுல நிக்காது. சினிமால டப்பிங்ல பாத்துப் பேசியே பழக்கம். மைக் வச்சாலும், இத்தாம் பெரிய ஆடிட்டோரியத்துல விசிலடிச்சா ஒண்ணும் கேக்காது. அதனால நாடகம் மொத்தத்தையும் ஸ்டுடியோல ரெக்கார்டு பண்ணி, மேடைல டேப்ப ஓட விடுவாங்க. ஆளுங்க வாயசைச்சா போதும். வெளிய தெரியாதுக்கா, நெறைய பேரு இப்படித்தான் பண்றாங்களாம். இத நீங்க எழுதிராதீங்க, சும்மா உங்களுக்காக சொல்றேன்.

அம்மா ஸ்டுடியோல போய் வசனத்த சொன்னாங்க. ஒரே டேக். அந்தக் கண்ணாடி ரூமுக்குள்ள ஹெட்போன மாட்டிக்கிட்டு, தர்மேஷ் சார் கேள்வி முடிஞ்சதும், வழக்கம் போல நின்னாங்க. அங்க என்ன அடங்கணும், அது ஏற்கெனவே சத்தமே இல்லாத ரூமு. அப்பயும் நின்னாங்க. அப்புறம் சொன்னாங்க. வெளிய இருந்த இன்ஜினியர் தம்பி கையெடுத்துக் கும்பிட்டாரு. கும்பிட்டுட்டு, நடுவுல கேப் ரொம்பப் பெருசா இருக்குன்னு வெட்டிட்டாரு. வெட்டுனத அம்மாகிட்ட யாரும் சொல்லல. சொல்ல வேண்டிய விஷயம்னு யாருக்கும் தோணிருக்காது. ரிகர்சல்ல கடைசி சீன் வர்றதுக்குள்ள தர்மேஷ் சாருக்கு ஷூட்டிங் நேரமாயிரும், கிளம்பிருவாரு. அந்த சீனே ஒரு தடவைகூட முழுசா ஓடல.

முதல் ஷோ. எள்ளு போட எடமில்ல. வாசல்ல தர்மேஷ் சாருக்கு கட் அவுட்டு, பாலு. நாடகத்துக்குக்கா. உள்ள அவரு வந்து வாசப்படில கால வச்சதும் பேப்பரத் தூக்கி வீசுறாங்க. தம்பி அடிக்கக் கைய ஓங்குனா, தலைவா திருப்பி அடிங்கறாங்க. நான் மூணாவது வரிசை. எனக்கு அழுகையே வந்துருச்சு, இது நாடகமா திருவிழாவான்னு. எங்கம்மா மட்டும் பின்னாடி அரிசி புடைச்சுக்கிட்டே இருக்காங்க. அந்த மொறத்தோட அசைவப் பாத்தாலே போதும்.

கடைசி சீன். தர்மேஷ் சார் முட்டி போட்டாரு. போட்டாரோ இல்லியோ, அரங்கமே விசிலு. அவரு எந்தப் படத்துலயும் முட்டி போட்டதில்லியாம், அதுக்கு. அம்மா நிமிந்து பாத்தாங்க. சத்தம் அடங்கல. அம்மா நின்னாங்க. அவங்களுக்கு அதான தெரியும், அடங்கறவரைக்கும் நிக்கணும். உதடு ஒட்டியிருக்கு, கண்ணு மட்டும் புள்ள மேல. அப்ப ஸ்பீக்கர்ல அம்மா குரல் வந்துருச்சு. "வாசல்ல நிக்காத"ன்னு. மேடைல வாய் மூடியிருக்கு, குரல் மேலருந்து வருது. அம்மா திடுக்குன்னு அண்ணாந்து ஸ்பீக்கரப் பாத்தாங்க. வசனம் முழுசும் ஓடி முடிஞ்சுது. அம்மா வாயே தொறக்கல.

அப்புறம் யாரோ பின்னாடி, பாட்டி, டேப்பு முந்திக்கிச்சுன்னாரு. ஆடிட்டோரியமே சிரிச்சுது. முட்டி போட்ட தர்மேஷ் சாருக்கே தோள் குலுங்குச்சு. திரை விழுந்துருச்சு.

க்ரீன் ரூம்ல அம்மா மேக்கப் கலைக்காம உக்காந்திருந்தாங்க. அழுவல. ஹரி சார் வந்ததும் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. "அந்த ஒரு வரிக்கு மட்டும் டேப்ப நிறுத்துங்க தம்பி. நான் சொல்லிக்கறேன்." மைக்கு வேணாமாம், ஒண்ணும் வேணாமாம். ஹரி சாருக்கும் பாவமாயிருச்சு போல, அடுத்த ஷோல முயற்சி பண்ணலாம்மான்னாரு. அம்மா முகம் அப்பதான் கொஞ்சம் தெளிஞ்சுது. ஆட்டோல வர்றப்ப, தப்பு பண்ணிட்டேன் தேனு, அடுத்த தடவ சரியாயிரும்னு எனக்கே தைரியம் சொன்னாங்க. தேனுன்னா நான்தான், தேன்மொழி.

ஆனா அதுக்குள்ள வீடியோ பரவிருச்சுக்கா. வாய் மூடின அம்மா மேல என்னென்னமோ பாட்ட ஓட்டி, ரயில்வே அறிவிப்ப ஓட்டி. நீங்களும் பாத்திருப்பீங்க. எனக்கு ரத்தம் கொதிச்சுது. எங்கம்மாவ. காலைல ஷிஃப்டு, ஒரு ஜார் ஒழுகற கேசு பக்கத்து ஜன்னல்ல ஓடிட்டிருக்கு, நான் இந்த ஜன்னல்ல டைப் பண்ணேன். அது தவறல்ல, அதுதான் நடிப்புன்னு. பல வருஷம் பேசாத ஒரு தாய்க்குப் பேச்சு வர்றப்ப உடம்பு ஒத்துழைக்க மறுக்குது, குரல் மட்டும் அவளத் தாண்டிப் போயிருது, அவளே அண்ணாந்து தன் குரலப் பாக்கறா, இதப் புரிஞ்சுக்க விசிலடிக்கற கூட்டத்தால முடியாதுன்னு. எழுத எழுத எனக்கே நம்பிக்கை வந்துருச்சுக்கா. யோசிச்சுப் பாத்தா உண்மையும் அதுதான. போட்டுட்டு ஜார்காரருக்கு வருத்தம் தெரிவிச்சுட்டு வந்து பாக்கறேன், ஆயிரக்கணக்குல ஷேர்.

அதுக்கப்புறம்தான் விமர்சகர் டேவிட் தங்கதுரை சார் எழுதுனாரு. அவரு யாரையும் லேசுல புகழ மாட்டாருல்ல. 'நட்சத்திரக் கூச்சலுக்கு நடுவே மூடிய ஒரு வாய்'. தர்மேஷக் கிழிச்சுட்டாரு, காமெடியனக் கிழிச்சுட்டாரு, ஒரு செவ்வியல் நாடகத்த கட் அவுட்டுக்கு அடியில புதைச்சுட்டாங்கன்னு எழுதுனாரு. அம்மாவோட அந்தக் காட்சிக்கு மட்டும் ஒரு முழுப் பத்தி. நான் சொன்னதையேதான், இன்னும் கஷ்டமான தமிழ்ல. அப்புறம் ஒவ்வொரு விமர்சகரா அதையே எழுதுனாங்க. நாடகம் குப்பை, மூடிய வாய் மட்டும் கலை.

ரசிகருங்க சும்மா இருப்பாங்களா. தியேட்டர்ல நாங்க கைதட்டுனோம், சிரிச்சோம், அழுதோம், உங்களுக்கு என்னய்யா வயித்தெரிச்சல்னு வந்துட்டாங்க. பாட்டி தூங்கிட்டாங்க, அதுக்குப் பேரு நடிப்பான்னு. டேவிட் சாருக்குப் பாட்டி தும்முனா கூட மூணு பத்தி எழுதுவாருன்னு ஒருத்தன் போட்டான், அதுக்கு நானே சிரிச்சுட்டேன். ஆனா விடல. ஒவ்வொருத்தனுக்கும் பதில் போட்டேன். ஒரு பக்கம் டிக்கெட் எடுத்த சனம், ஒரு பக்கம் எழுதறவங்க, நடுவுல எங்கம்மா. தமிழ்நாட்டுல ஒரு மேடை நாடகத்தப் பத்தி இவ்ளோ சண்டை எப்பக்கா நடந்துச்சு? அதுக்கு நம்ம வீடு ஒரு காரணம்ல.

அம்மாகிட்ட டேவிட் சார் எழுதுனதப் படிச்சுக் காட்டுனேன். கண்ணாடியக் கழட்டி வச்சுட்டுக் கேட்டாங்க. முடிஞ்சதும், நீ போட்டத எடுத்துரு, அம்மா தவற விட்டுட்டாங்க, அடுத்த ஷோல சரியா பண்ணுவாங்கன்னு போடுன்னாங்க. எப்படிம்மா எடுக்கறது, இவ்ளோ தூரம் போனதுக்கப்புறம், என் பேஜ் பேரு என்னாகும், உன் பேரு என்னாகும்னேன். அப்ப ஒண்ணு சொன்னாங்க.

"தப்பு என்னோடது தேனு. அத என்கிட்டருந்து எடுத்துக்காத."

எனக்குப் புரியலக்கா. தப்பே இல்லன்னு ஊரே சொல்லுது, இவங்க என்னோடதுங்கறாங்க. பழைய காலத்து ஆளுங்க, தன்னடக்கம் ஜாஸ்தி.

ரெண்டாவது ஷோக்கு முன்னாடி ஹரி சார் வீட்டுக்கே வந்தாரு. நீங்க உக்காந்திருக்கற எடத்துலதான் உக்காந்தாரு. கையில டேவிட் சார் கட்டுரை, பிரிண்ட் எடுத்து வச்சிருந்தாரு. அவரு இதுவரைக்கும் பண்ண எதுக்கும் டேவிட் சார் ஒரு நல்ல வார்த்தை எழுதுனதில்லியாம். அம்மா, டேப்ப நிறுத்த வேணாம், நீங்க வாயத் தொறக்கவே வேணாம், அப்படியே நில்லுங்க, அதே மாதிரி மேல பாருங்கன்னாரு. பேட்டில எல்லாம், அது நான் யோசிச்சு வச்ச காட்சிதான்னு வேற சொல்லிட்டாராம்.

அம்மா அவரப் பாத்தாங்க. "எனக்குப் பேச வரும் தம்பி"ன்னாங்க. அவரு சிரிச்சுக்கிட்டே, தெரியும்மா, அதான் அழகேன்னாரு. அம்மா திரும்பவும் அதையே சொன்னாங்க. எனக்குப் பேச வரும். அப்புறம் என்னப் பாத்தாங்க. நான் என்னக்கா சொல்ல முடியும், ஹரி சார் சொல்றதுதான் சரி. அம்மா, இது ஆர்ட்மா, ஊரே இதுக்குத்தான் காத்துட்டிருக்குன்னேன். அம்மா எழுந்து காபி போடப் போயிட்டாங்க. சம்மதம்னு நாங்க எடுத்துக்கிட்டோம்.

அதுக்கப்புறம் எல்லா ஷோலயும் அம்மா வாய் மூடித்தான். கோயம்புத்தூர்ல பாதி பேரு சிரிச்சாங்க, பாதி பேரு உஷ்ஷுன்னாங்க. சேலத்துல சிரிச்சவங்களுக்கும் உஷ்ஷுன்னவங்களுக்கும் வெளிய கைகலப்பே ஆயிருச்சு. மதுரைல தர்மேஷ் ரசிகருங்களே மாறிட்டாங்க. அந்த எடம் வந்ததும் எல்லாரும் போன எடுத்து லைட்டப் போட்டு ஆட்டுறாங்க. ஆயிரம் நட்சத்திரம் மாதிரி. நான் அத எடுத்துப் போட்டது செம ஹிட்டு. அம்மா அந்த வெளிச்சத்துக்கு நடுவுல நிக்கறாங்க, அவங்க குரல் மேல ஓடுது, அண்ணாந்து பாக்கறாங்க. நல்லா பழகிட்டாங்க. முதல் நாள் இருந்த அந்தத் திடுக்கு மட்டும் வரல, அது பரவால்ல.

இருங்க, இந்தம்மா மறுபடி மறுபடி ஒரே கேள்வி கேக்கறாங்க. வாரண்டி இல்லம்மா. வருந்துகிறோம்.

மதுரைல ஒண்ணு நடந்துச்சுக்கா. இதையும் எழுதிராதீங்க. ஷோ முடிஞ்சு க்ரீன் ரூமுக்கு ஒரு அம்மா வந்தாங்க, எங்கம்மா வயசுதான் இருக்கும். திருமங்கலத்துலருந்து மருமகனக் கூட்டிக்கிட்டு வந்திருக்காங்க. அந்தக் காலத்துல பொருட்காட்சில நடுவாசல் பாத்தவங்களாம். தர்மேஷக் கூடத் திரும்பிப் பாக்கல, நேரா எங்கம்மா கையப் புடிச்சுக்கிட்டாங்க. அந்த ஒரு வார்த்தைக்காகத்தானத்தா வந்தேன், ஏன் பேசாம நின்னீங்க, மேலுக்கு ஏதும் முடியலையா, வாய் கீய் இழுத்துக்கிச்சான்னு கேட்டாங்க. எங்க வீட்டுக்காரரு கோவிச்சுக்கிட்டுப் போயி, திரும்பி வந்து வாசல்ல நின்னப்ப, நீங்க சொன்ன அதே வார்த்தையத்தான் அவருகிட்ட சொன்னேன், அப்புறம் உள்ள வந்தாருன்னாங்க.

நான் நடுவுல பூந்து, இல்லம்மா, இது புது மாதிரி விளக்கம், டேவிட் தங்கதுரை சார் எழுதிருக்காருன்னு சொல்லிப் பாத்தேன். அந்தம்மா யாருடி நீங்கற மாதிரி பாத்தாங்க. எங்கம்மா அவங்க கையத் தன் கன்னத்துல வச்சுக்கிட்டு அப்படியே இருந்தாங்க. கண்ணுலருந்து தண்ணி கொட்டுது, மேக்கப் எல்லாம் கோடு கோடா எறங்குது. வாய் மட்டும் மூடியே இருக்கு. பதில் சொல்லிருக்கலாம்ல, ஒரு வார்த்தை. சனத்துக்கு ஆர்ட் புரிய வைக்கறது எவ்ளோ கஷ்டம் பாருங்க.

அதோட அம்மா போறத நிறுத்திட்டாங்க. திருச்சி ஷோக்குக் கார் வந்து நின்னுச்சு, அம்மா அழுக்குத் துணிய ஊற வச்சுட்டிருந்தாங்க. வரலன்னு தலைய மட்டும் ஆட்டுனாங்க. ஹரி சார் பதறுவாருன்னு பாத்தேன், அவரு கூலா, பரவால்லன்னுட்டாரு. வேற ஒருத்தங்கள நிக்க வச்சுட்டாங்க. வாய் மூடி நிக்கத்தானே, யாரு நின்னா என்ன. குரல் மட்டும் அம்மாவோடதுதான் இன்னும் ஓடுது. நேத்து திருநெல்வேலில ஓடுச்சு.

வீட்லயும் பேச்சு கொறஞ்சு போச்சு. சக்கரை போதுமான்னு கேட்டா கைய காமிப்பாங்க. நான் ஏதாவது கேட்டா, நான் டைப் பண்ணி முடிக்கற வரைக்கும் நிக்கறாங்க. சரி, பதில் சொல்லப் போறாங்கன்னு நான் நிமிந்து பாக்கறதுக்குள்ள போயிடறாங்க. எனக்கு வேலை ஓடிக்கிட்டே இருக்குல்லக்கா, டிக் டிக்குனு இந்தச் சத்தம் நிக்கவே நிக்காது. நான் என்ன பண்ண?

அதான் இந்த விருது வந்ததும் எனக்கு அவ்ளோ சந்தோஷம். டேவிட் சார்தான் நடுவர் குழுத் தலைவர். அவரே போன் பண்ணி என்கிட்ட சொன்னாரு. மேடைல அம்மா ஏற்புரை எதுவும் பேச வேணாமாம், சும்மா வந்து வாங்கிக்கிட்டு, வாய் மூடி ஒரு நிமிஷம் நின்னா, அதுவே பெரிய பேச்சா இருக்கும்னாரு. என்ன ஒரு யோசனை பாருங்க. நான் அம்மாகிட்ட சொன்னேன். குனிஞ்சு வெண்டைக்காய் நறுக்கிட்டிருந்தாங்க, நறுக்கிக்கிட்டே இருந்தாங்க. கேட்டாங்களான்னு கூடத் தெரியல.

நீங்க எழுதறப்ப, அது தவறுதலா நடந்ததுன்னு மட்டும் எங்கயும் வந்துரக் கூடாதுக்கா. அம்மாவுக்காகத்தான் சொல்றேன். உங்ககிட்ட அவங்க ஏதாவது உளறுனா கூட, நீங்க பாத்து...

பாருங்க, மூணாவது விசில். இனி அணைச்சுருவாங்க, வந்துருவாங்க. அம்மா, அக்கா வந்து எவ்ளோ நேரமாச்சு, வாம்மா.

அணைச்சுட்டாங்க.

உஷ்ஷு. கொஞ்சம் இருங்கக்கா. கேக்குதா? ஆவி எறங்கற சத்தம். இப்படித்தான் முன்னாடி நிப்பாங்க, கரண்டியப் புடிச்சுக்கிட்டு. அந்தக் கதவு இடுக்குல பாருங்க, முந்தானை தெரியுதுல்ல. அசையாம நிக்கறாங்க பாருங்க. மதுரைலருந்து வந்ததுக்கப்புறம் நான் இதப் பாத்ததே இல்ல. நான் டைப் பண்றத நிறுத்திட்டேன், பாருங்க. சத்தம் அடங்குது. அடங்குது.

"வாசல்ல நிக்காத."

அய்யோ. அக்கா, கேமரா. கேமராவ ஆன் பண்ணுங்க, அம்மா சொல்றாங்க.

"போறதுன்னா போ. வர்றதுன்னா..."

சீக்கிரம்க்கா, பட்டன் அந்தப் பக்கம், நான் போடறேன், குடுங்க. ம், வந்துருச்சு, லைட் எரியுது.

அம்மா? சொல்லும்மா. ஏன் நிறுத்திட்ட?

கதவ சாத்திட்டாங்க.

பரவால்லக்கா, நீங்க எங்கயும் போகாதீங்க. ஓடிட்டே இருக்கட்டும், அணைக்காதீங்க. திரும்பவும் சொல்லுவாங்க. கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருப்போம்.

ஒரே நிமிஷம், இந்த மிக்ஸிக்கு மட்டும் ஒரு பதில் போட்டுடறேன்.